நாற்றங்காலில் ஒரு மாலை

2025-ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் செய்தித்தாளுக்கு முன்பாக வேறொரு செய்தி வந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணி வாக்கில், அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில், கைப்பேசியில் நான்கைந்து வரிகள் வந்து விழும். இன்னார் நான்குக்கு இரண்டு. இன்னார் மூன்றுக்குச் சுழியம், ஒரு முறை நடை. இன்னாருக்கு முதுகு வலி, ஆடவில்லை. பெயர்களும் எண்களும் தவிர வேறொன்றும் இராது. அனுப்புகிறவன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் எங்கள் தங்கை மகன். வயது பதினான்கு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் அணிக்கு என்றேனும் ஒருநாள் ஆடக்கூடும் என்று நம்பப்படுகிற இளைஞர்கள் அன்றிரவு எப்படி ஆடினார்கள் என்பதை, உலகின் மறுபக்கத்தில் தமிழ் கற்பித்துப் பிழைக்கிற எங்கள் இருவருக்கும் தவறாமல் தெரிவித்துவந்தான்.

தமிழ் படித்தவர்களுக்குப் பேஸ்பாலோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஓராண்டுக்கு முன்புவரை மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. 'மைனர் லீக்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எங்களுக்கு நினைவில் வந்தது சில்க் ஜிப்பாவும் மைனர் சங்கிலியும்தான். அந்தச் சொல் கடைசியில் எங்கள் வீட்டுக் கதையையே எங்களிடம் திருப்பிச் சொல்லும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

முதலில் ஏணியைச் சொல்லிவிட வேண்டும். மேஜர் லீக் என்னும் உச்ச நிலையில் 30 அணிகள். ஒவ்வோர் அணியின் ஆட்டப் பட்டியலிலும் 26 பேர். அந்த 26 இடங்களுக்கு ஆள் தேற்றுவதற்காகக் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகளை ஒவ்வொன்றும் தன்னோடு இணைத்துவைத்திருக்கிறது. ஆக நாடெங்கும் 120 அணிகள். 2020 வரை இவை 160 ஆக இருந்தன. பெருந்தொற்றால் ஆட்டமே நடக்காத அந்த ஆண்டுக்குப் பிறகு நாற்பதைக் கழித்துவிட்டார்கள். பாஸ்டனின் ஏணியில் கடைசிப் படி வர்ஜீனியாவின் சேலம். அடுத்தது தென் கரோலினாவின் கிரீன்வில். அதற்கு மேலே மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்து. மேல்படி, பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வூஸ்டர். சேலத்துக்கும் கீழே, ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சிக் களமும் டொமினிக்கன் குடியரசில் கோடை ஆட்டமும் உண்டு. கீழ்நிலைப் பட்டியலில் ஓர் அணி 165 வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது 2024-இல் வந்த வரம்பு. அதற்கு முன் 180. மேலே 26, கீழே 165. பெரும்பாலோர் ஏறமாட்டார்கள் என்பதை அறியக் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த அமைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பண்ணை'. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர் 1920-களில் இதை உருவாக்கினார். வளர்ந்த வீரர்களை விலைகொடுத்து வாங்கப் பணமில்லாத அணி, தானே விதைத்து வளர்த்துக்கொள்ளலாமே என்பது அவருடைய யோசனை. பின்னாளில் ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து நிறவேலியை உடைத்தவரும் இவரே. பண்ணை என்பதைவிட நாற்றங்கால் என்ற நம் சொல் இதற்குப் பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றியது. நெருக்கமாக விதைத்து, முளைத்ததைப் பிடுங்கி, வேறு வயலில் நடுகிற இடம். நட்டது போக மிஞ்சிய நாற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2024-ஆம் ஆண்டு பாஸ்டனின் நாற்றங்காலில் நான்கு பெயர்களைச் சுற்றியே பேச்சு இருந்தது. மார்செலோ மேயர், 2021-இல் நாட்டிலேயே நான்காவதாகத் தேர்வானவர். ரோமன் ஆண்டனி, 2022-இல் 79-ஆவது. கைல் டீல், 2023-இல் 14-ஆவது. நான்காமவர் கிறிஸ்டியன் கேம்பல். அதே 2023-இல் நான்காவது சுற்று வரை யாரும் தொடாமல் விட்டவர். ஆனால் அந்த ஆண்டு எல்லாரையும் விஞ்சியவர் இந்தக் கேம்பல். கிரீன்வில்லில் தொடங்கிப் போர்ட்லாந்து வழியாக வூஸ்டர் வரை ஒரே பருவத்தில் மூன்று படி ஏறினார். மட்டைச் சராசரி 330, ஹோம் ரன்கள் 20. இந்த ஆட்டத்தில் சராசரியை ஆயிரத்துக்குக் கணக்கிடுவார்கள். பத்து முயற்சிகளில் ஏழில் தோற்று மூன்றில் வென்றால் அவன் சிறந்த வீரன். எங்களை முதலில் இந்த ஆட்டத்தோடு சமாதானப்படுத்தியது இந்தக் கணக்குதான். 'பேஸ்பால் அமெரிக்கா' என்னும் இதழ் அவ்வாண்டின் சிறந்த மைனர் லீக் வீரராகக் கேம்பலைத் தேர்ந்தெடுத்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2024 டிசம்பரில், காரெட் குரோஷே என்ற பந்தெறிவாளரைப் பெறுவதற்காக டீலையும் வேறு மூவரையும் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேம்பல் 2025 பருவத்தின் முதல் நாளிலேயே பாஸ்டனுக்கு ஆடினார். ஏப்ரல் தொடக்கத்தில் எட்டாண்டுகளுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம். அம்மாத இறுதியில் சிறந்த புதுமுகம் என்ற விருது. மே மாதத்தில் அவருடைய மட்டை ஓய்ந்தது. மேஜர் லீக் பந்தெறிவாளர்கள் அவரைப் படித்துவிட்டார்கள். ஜூன் மாதம், சராசரி 223-இல் நிற்க, அவரை வூஸ்டருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மேயர் மே 24 அன்றும், ஆண்டனி ஜூன் 9 அன்றும் பாஸ்டனில் அறிமுகமானார்கள். ஒருவர் இறங்கிய அதே மாதத்தில் மற்றவர் ஏறினார். விசித்திரம் என்னவென்றால், ஆண்டனி அறிமுகமான அன்று ஒரு பந்தையும் உருப்படியாக அடிக்கவில்லை. களத்தில் பந்தைத் தவறவும் விட்டார். அந்த ஒருநாள் ஆட்டத்தை வைத்து யாரேனும் தீர்ப்பெழுதியிருந்தால் அது எவ்வளவு தவறாகப் போயிருக்கும் என்பதை ஆகஸ்டில் அவர் பெற்ற 13 கோடி டாலர் ஒப்பந்தம் சொல்லும்.

நாங்கள் வூஸ்டருக்குப் போனது அந்த ஜூலையில். கல்லூரி திறந்த பிறகான பயணம் அது. எங்களில் ஒருவர் விடுப்புக்கு விண்ணப்பித்தோம். மற்றவர் அந்த நாட்களுக்கு ஊதியமில்லை என்பதை ஏற்றுக்கொண்டு கிளம்பினோம். இந்த வாக்கியத்தின் இலக்கணப் பிழை எங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

வூஸ்டர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படித்தால் தங்கை மகன் சிரிப்பான். எழுத்துக்கும் ஒலிக்கும் உறவற்ற பெயர். பழைய ஆலைகளின் செங்கல் சுவர்கள் நடுவே 2021-இல் திறக்கப்பட்ட சிறிய ஆட்டக்களம். வேலை முடிந்து வந்த குடும்பங்கள், தோளில் குழந்தைகள், வறுத்த பண்டங்களின் வாசனை. திருவிழாவுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மட்டையாளர் ஒருவர் திடீரெனத் தம் தலைக்கவசத்தைத் தட்டினார். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடுகிறாராம். சில நொடிகளில் பெரிய திரையில் பந்தின் பாதை வரைந்து காட்டப்பட்டது. மேஜர் லீகுக்கு 2026-இல் போன இந்த முறையை அதற்கு முன்பே இங்கேதான் ஆடிப் பார்த்தார்கள். புதிய விதி எதுவானாலும் முதலில் கீழ்ப்படியில் இருப்பவர்கள் மீது சோதிப்பது என்பது எல்லா நாட்டிலும் வழக்கம் போலும்.

"அத்தை, அதோ கேம்பல்," என்றான் பையன். எழுந்து நின்று கைதட்டினான். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவரும் தட்டினார். ஓங்கி ஒலித்த கைதட்டல் இல்லை அது. துக்கம் கேட்கப் போன வீட்டில் கையைப் பிடிப்பது போல இருந்தது. அன்று அவர் எத்தனைக்கு எத்தனை அடித்தார் என்பது எங்களுக்கு நினைவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் நாடே பேசிய அந்த 23 வயது இளைஞர் மண்ணைக் காலால் கீறிச் சமப்படுத்திக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. இன்னொருவர் வந்தபோது "பாஸ்வேர்ட்!" என்று கூச்சல் எழுந்தது. ஜோஸ்டின்சன் கார்சியா என்ற வெனிசுவேலா இளைஞர். பெயரை எழுத்துக்கூட்டுவது அவ்வளவு கடினம் என்பதால் கடவுச்சொல் என்றே பெயராகிவிட்டது. அடுத்த மாதமே அவரும் பாஸ்டனுக்கு ஏறினார்.

வீடு திரும்பும் வழியில் காரில் பையன் ஏணியை மீண்டும் விளக்கிக்கொண்டு வந்தான். திடீரென, "நீங்க ரெண்டு பேரும் ஒரே லெவல்தானே மாமா?" என்று கேட்டான்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. தங்கை முன்னிருக்கையிலிருந்து திரும்பி, "கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்துடா, காத்து அடிக்குது" என்றாள். கண்ணாடி ஏற்கெனவே ஏறியிருந்தது.

நாங்கள் இருவரும் 2008-இல் ஒரே நாளில், ஒரே கல்லூரியில், ஒரே துறையில் மணிக்கணக்கு ஊதியத்துக்குச் சேர்ந்தவர்கள். இருவரும் முதுகலைத் தமிழ். இருவரும் தகுதித் தேர்வில் தேறியவர்கள். பதினோராம் ஆண்டில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம்கூட இல்லை. ஒருவரிடம் பொருளதிகாரத்தில் கேட்டார்கள்; மற்றவரிடம் சிற்றிதழ் வரலாற்றில். வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேள்விகளை மாற்றிக் கேட்டிருந்தால் முடிவும் மாறியிருக்கும் என்பது. எங்களில் ஒருவருக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. மற்றவர் அதே துறையில், அதே வகுப்புகளுக்கு, இன்றும் தொகுப்பூதியத்தில் போய்வருகிறார். ஆணை வந்த மாலை இனிப்பு வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் கடைவாசலில் நெடுநேரம் நின்று, கடைசியில் கால் கிலோ வாங்கினோம். அது மூன்று நாள் இருந்தது.

யாருக்குக் கிடைத்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. துறையில் எல்லாருக்கும் தெரியும். மாணவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது; அவர்கள் பார்வையில் இருவருமே 'தமிழ் வாத்தியார்' வகை.

இந்த வேறுபாட்டைப் பற்றி ஆறு ஆண்டுகளாக நாங்கள் மனம்விட்டுப் பேசியதில்லை என்பதை அந்தக் காரில்தான் உணர்ந்தோம். பெற்றவர் பேசினால் இரக்கம் போலத் தோன்றும். பெறாதவர் பேசினால் பொறாமை போலத் தோன்றும். ஆகவே வீட்டுக் கணக்கு, பால் கணக்கு, தேர்வுத்தாள் கணக்கு என்று வேறு கணக்குகளைப் பேசிவந்தோம்.

பொருத்தமற்ற ஒப்பீடு என்று சிலர் சொல்லலாம். கேம்பலுக்கு 6 கோடி டாலர் உறுதியாகிவிட்டது. அவருக்கு வயிற்றுக் கவலை கிடையாது. உண்மைதான். ஆனால் அதே இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலை வேறு. கீழ்ப்படி வீரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட இல்லை என்று 2014-இல் தொடுத்த வழக்கு 2022-இல்தான் 18.5 கோடி டாலர் இழப்பீட்டோடு சமரசமானது. அதே 2022-இல் அவர்களும் வீரர் சங்கத்தில் இடம்பெற்றார்கள். 2023-இல் முதல் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது, வூஸ்டர் போன்ற மேல்படியில் ஆண்டுக்கு 17,500 டாலராக இருந்த அடிப்படை ஊதியம் 35,800 ஆயிற்று. கடைப்படியில் 4,800 டாலர் 19,800 ஆயிற்று. அதுவரை குளிர்காலத்தில் சுமை ஏற்றியும் கடைகளில் நின்றும் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். 'ஆட்டத்தின் மீது உள்ள காதலுக்காக ஆடுகிறார்கள்' என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவந்தார்கள். 'தமிழ் மீது உள்ள பற்றுக்காகப் பாடம் எடுக்கிறார்கள்' என்ற தொடரை நாங்களும் கேட்டிருக்கிறோம். காதலும் பற்றும் பொய்யில்லை. அவற்றைச் சம்பளப் பட்டியலில் வரவு வைப்பதுதான் பொய்.

காரில் நிலவிய மௌனம் தன் கேள்வியால் வந்தது என்று பையனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அதைப் போக்க அவனறிந்த நல்ல கதையை எடுத்தான். வூஸ்டர் அணி 2020 வரை ரோட் ஐலண்டு மாநிலத்துப் பாடக்கெட் நகரில் இருந்த அணி. அந்த ஊரின் மெக்காய் அரங்கில் 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு, ரோசெஸ்டர் அணியோடு ஓர் ஆட்டம் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது சமநிலையில் நின்றது. பேஸ்பாலில் சமநிலை என்றால் மேலும் ஆட வேண்டும். ஆடினார்கள். 21-ஆவது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒன்று எடுக்க, பாடக்கெட்டும் ஒன்று எடுத்தது. மீண்டும் சமநிலை. கடுங்குளிர், எதிர்க்காற்று. உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். வந்திருந்தவர்கள் 1,740 பேர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை 4:07 மணிக்கு, 32-ஆவது இன்னிங்ஸ் முடிவில் ஆட்டத்தை நிறுத்திவைத்தபோது எஞ்சியிருந்தவர்கள் 19 பேர். ஜூன் 23 அன்று மீண்டும் தொடங்கி, 33-ஆவது இன்னிங்ஸில், பதினெட்டே நிமிடத்தில் முடித்தார்கள். பாடக்கெட் 3, ரோசெஸ்டர் 2. தொழில்முறைப் பேஸ்பால் வரலாற்றில் மிக நீண்ட ஆட்டம் அது.

அன்று ஆடியவர்களில் இருவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றார்கள். ரோசெஸ்டரின் கால் ரிப்கன், பின்னாளில் தொடர்ந்து 2,632 ஆட்டங்களில் இடைவெளியின்றி ஆடியவர். பாடக்கெட்டின் வேட் பாக்ஸ், 3,010 அடிகள் குவித்தவர். இருவர் பெயரும் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இருக்கின்றன. ஆனால் 33-ஆவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துவைத்த அடி டேவ் கோசா என்பவருடையது. பல ஆண்டுகள் பாடக்கெட்டில் ஆடியவர். மேஜர் லீகில் அவர் ஒருநாள்கூட ஆடவில்லை.

"ஒருநாள்கூடவா?" என்று கேட்டோம்.

"ஒரு நாள்கூட இல்ல."

"அப்போ அந்த அடி எந்தக் கணக்குல சேரும்?"

பையன் எங்களை வியப்போடு பார்த்தான். "அந்த ஆட்டத்துக் கணக்குலதான்," என்றான்.

இதைவிட நல்ல விடையை இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வருங்கால வீரர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்கும்போதே, ஆட்டம் வேறெங்கோ, வேறெப்போதோ நடக்கப்போகிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். பட்டியல் தயாரிப்பவர்களுக்கு அது தொழில். மைக் பியாட்சா என்பவரை 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுத்தார்கள். 2016-இல் அவர் புகழ் மண்டபம் ஏறினார் என்று ஆறுதலுக்குச் சொல்வார்கள். அதில் எங்களுக்கு ஆறுதல் இல்லை. கடைசியில் ஏறிவிட்ட ஒருவரைக் காட்டி, ஏறாதவர்களை இன்னும் காத்திருக்கச் சொல்கிற கதை அது. கோசா அப்படிக் காத்திருந்தவர்தான். அந்த ஏமாற்றத்தின் வலியை எங்களால் ஊகிக்க முடியும். ஆனாலும் அந்த விடிகாலைக் குளிரில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது பேர் யாருடைய எதிர்காலத்தையும் பார்க்க வந்தவர்கள் இல்லை. எதிரே நடந்துகொண்டிருந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு, தங்கை வீட்டு மாடியறையில், நாங்கள் அந்த நேர்முகத்தைப் பற்றிப் பேசினோம். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, முதன்முறையாக. எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஊதியத்தில் இருக்கிற வேறுபாடு பேச்சால் குறையாது. அது குறைய வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்தும் இல்லை. காலையில் கீழே இறங்கி வந்து பையனிடம், "நாங்க ரெண்டு பேரும் ஒரே லெவல் இல்லடா" என்று சொல்லி, முறையை விளக்கினோம். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அது அன்ஃபேர்" என்றான். பிறகு தோசைக்குச் சட்னி கேட்டான்.

செப்டம்பரில் பருவம் முடியும்வரை காலைச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஆண்டனி 292 சராசரியோடு ஆடிக்கொண்டிருந்தபோது விலாத் தசையில் காயம்பட்டு வெளியேறினார். மேயருக்கு மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. சிகாகோவில் டீல் ஆடிக்கொண்டிருந்தார். கேம்பல் அந்த ஆண்டு பாஸ்டனுக்குத் திரும்பவில்லை. கடைசி வரை வூஸ்டரில் ஆடினார். முன்பெல்லாம் எண்களை மட்டும் பார்ப்போம். பிறகு, ஆட்டம் எப்படி இருந்தது என்றும் கேட்டு எழுதத் தொடங்கினோம். அவனும் விரிவாக எழுதினான். மழையால் தாமதம், நல்ல நிலவு, தோற்றார்கள், ஆனால் அருமையான ஆட்டம் என்று.

காலை எட்டு மணிக்கு ஒரே பேருந்தில் நாங்கள் கல்லூரிக்குப் போகிறோம். துறையில் இரண்டு வருகைப் பதிவேடுகள் உண்டு. நிரந்தரப் பணியாளர்களுக்கு அட்டை போட்ட பெரிய பதிவேடு. மற்றவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒருவர் அதில் கையெழுத்திடுகிறோம், ஒருவர் இதில். பேனா ஒன்றுதான், மாற்றிக்கொள்கிறோம். மணி அடித்ததும் இருவரும் வகுப்புக்குப் போகிறோம்.